ஜாமீன் போட்டவர்களின் எடை

ஆசிரியர் சேமிப்புச் சங்கத்தில் பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் பாத் கடனை அப்படியே வைத்துவிட்டு ஐம்பத்தோராவது வயதில் வேலையை ராஜினாமா செய்த விச்சியன் வாத்தியார், மறுநாள் காலை எட்டு மணிக்குத் தரையிலிருந்து ஒன்றரை முழம் மேலே எழும்பி அங்கேயே நின்றார். அது பௌத்த ஆண்டு 2558, அக்டோபர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் நொங்யாங் சந்தையில் ஒட்டரிசி கிலோ முப்பத்தைந்து, உயிர்க்கோழி எழுபது. பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கிய நேரம். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டை வரிசையில் நிற்காமல், பிள்ளைகளின் நகத்தைப் பார்க்காமல், வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபியோடு கேட்டுக்கொண்டிருந்தார் அவர். பாட்டு இரண்டாவது வரிக்கு வந்தபோது நாற்காலி கீழேயே இருந்துவிட்டது. அவர் மட்டும் போனார். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி லம்துவன், "காபியைக் கொட்டிடாதே, காலையிலதான் முற்றம் கூட்டினேன்" என்று சொல்லிவிட்டுக் கோழிக்கு மசாலா தடவப் போனாள். அவளுக்குச் சந்தையில் சுட்ட கோழிக் கடை இருந்தது. எட்டரைக்குள் போகாவிட்டால் வாடிக்கையெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

விச்சியன் நடத்திய பாடம் குடிமையியலும் நன்னெறியும் என்பதை இங்கே பதிவு செய்துவிடுவது நல்லது. நாணயமான குடிமகனின் பத்துக் குணங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதைப் பிள்ளைகள் பார்த்து எழுதுகிற நேரத்தில் சங்கத்துக்குப் போய்க் கடன் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். கடன் ஒரே நாளில் வந்ததல்ல. அம்மாவின் சிறுநீரகத்துக்குக் கொஞ்சம், அண்ணன் செத்தபோது ஏழு நாள் சடங்குக்கும் மேளத்துக்கும் கொஞ்சம், மகன் கோன்கேனில் படித்ததற்குக் கொஞ்சம். மீதி, ஆள் உயரச் சக்கரம் வைத்த ஒரு பிக்கப் வண்டிக்கு. எங்கள் ஊரில் வாத்தியார்கள் கடன் வாங்குவது பேனா வாங்குவது மாதிரி. ஒருவர் வாங்கினால் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் வாங்கும்போது இவர் போடுவார். இவருக்குப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ரட்சனி, வயது ஐம்பத்துமூன்று. இன்னொருவர் விளையாட்டு வாத்தியார் உதோம், வயது நாற்பத்தேழு. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் விச்சியன் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தார், தேதி சரியா என்று பார்த்தார். இந்த இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஏன் விட்டார் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அது மோசமான காரணமும் இல்லை. அவருடைய அப்பா ஐம்பத்துமூன்று வயது நாலு மாதத்தில் செத்தார். அண்ணன் ஐம்பத்திரண்டில். அரசாங்கம் ஓய்வு தருவதோ அறுபதில். ஒரு நாள் கொடிக்கம்பத்தடியில் நின்று இதைக் கழித்துப் பார்த்தார், ஏழு வருஷம் இடித்தது. இன்னும் ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் இருபத்தைந்து வருஷ சேவை முடிந்து மாதாமாதம் ஓய்வூதியமாவது வந்திருக்கும். சாவைக் கழித்தல் கணக்கில் கண்டுபிடித்தவருக்கு ஒன்பது மாதம் பெரிதாகப் பட்டது. வேலையை விட்டதற்காகக் கைக்கு வந்த மொத்தத் தொகையை இரண்டு வட்டிக்காரர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பிக்கப் வண்டியைத் தவணைக் கம்பெனிக்காரர்கள் ஓட்டிப் போனார்கள். அது கீழேயே இருந்ததால் அவர்களுக்குச் சிரமமில்லை.

வாத்தியாரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்ஸ் எடை பார்க்கும் கருவியை அவர் காலடியில் பிடித்துப் பார்த்தாள், அது பூஜ்யம் காட்டியது. இருபது வருஷமாக நூற்றைம்பதுக்குக் கீழே வராத ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. "இவருக்கு ஒண்ணுமில்லை. எனக்கே பொறாமையா இருக்கு" என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லி அனுப்பினாள். லம்துவன் அவரை வீட்டுத் தூணோடு இருபது முழக் கயிற்றில் கட்டினாள். சாப்பாட்டை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கூடை கட்டி நீட்டினாள். அவருக்கு வேறு குறை இல்லை. மத்தியானம் மாமர நிழலில் படுத்தபடி மிதந்து வானொலி கேட்டார். மூன் ஆற்றில் தண்ணீர் ஏறுவதையும் வடிவதையும் பார்த்தார். அப்படி ஒரு ஆறு தன் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது என்பதே தனக்கு இப்போதுதான் தெரியும் என்று கீழே போகிறவர்களிடம் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் சங்கம் தன் கடமையைச் செய்தது. விச்சியன் கட்ட வேண்டிய தவணை பதினாலாயிரத்து நானூறு பாத். அதை இரண்டாக வகுத்து ரட்சனியின் சம்பளத்திலும் உதோமின் சம்பளத்திலும் ஏழாயிரத்து இருநூறு வீதம் பிடித்தார்கள். பணம் பிடித்த அன்று சாயங்காலம் விச்சியன் இன்னொரு முழம் மேலே போனார். ஜாமீன் போட்ட இருவரும் ஆளுக்கு மூன்று கிலோ கூடினார்கள். உடம்பு பெருக்கவில்லை, சட்டை இறுக்கவில்லை, பார்க்க அதே ஆட்கள்தான். எடை மட்டும் வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. அடுத்த மாதம் இன்னொரு முழம், இன்னொரு மூன்று கிலோ. மூன்றாவது மாதம் நீளந்தாண்டல் செய்து காட்டப்போன உதோம் மணலில் முழங்கால் வரை புதைந்தார். நாலு பையன்கள் சேர்ந்து பிடுங்கி எடுத்தார்கள். அங்கிருந்து நேரே விச்சியன் வீட்டுக்கு வந்து, மாமரத்தடியில் நின்று, ஊரே கேட்கக் கத்தினார்.

"அண்ணே! கல்யாணத்துக்கு வந்தா மொய் வைக்கலாம், சாவுக்கு வந்தா மாலை போடலாம். நீ லீவு எடுத்ததுக்கு நான் எதுக்குய்யா எடை போடணும்?"

"கோபப்படாதே உதோம். எல்லாம் கர்ம வினை."

"வினை உன்னோடதுன்னா கர்மத்தையும் நீயே வச்சுக்கயேன். ஏன் எனக்குப் பார்சல் அனுப்புறே?"

விச்சியனிடம் இதற்குப் பதில் இருந்தது. பற்றை விட்டவனுக்கு உடல் லேசாகும் என்று புத்த நெறியில் ஒரு பாடமே நடத்தியிருக்கிறார். ஆனால் காற்று திசை மாறி அவர் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு தத்துவம் சொல்ல முடியவில்லை.

ஊருக்கு இது நல்ல காலமாக வாய்த்தது. எங்கள் ஊரில் இரட்டைத் தலைக் கன்று பிறந்தாலும், வாழை நடுத்தண்டில் குலை தள்ளினாலும், அதிலிருந்து லாட்டரிக்கு இரண்டு எண் எடுக்காமல் விடுவதில்லை. தையற்காரர் ஒருவர் ஏணி வைத்து விச்சியனின் செருப்புக்கும் தரைக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தார். வந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அந்த மாதம் பதினாறாம் தேதி விழுந்தது. அடுத்த மாதமும் விழுந்தது. அப்புறம் எங்கள் தெருவில் சைக்கிள் விட இடமில்லை. சுரினிலிருந்தும் ரோயெட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். லம்துவன் கோழிக் கடையை வீட்டு வாசலுக்கே மாற்றினாள். பப்பாளிக்காயை இடித்துக் காரம் சேர்த்து விற்பவர்கள் ஏழு பேர் வந்தார்கள். வண்டி நிறுத்த இருபது பாத், ஏணி ஏறிக் கிட்டப் பார்க்க முப்பது.

இத்தனை பேர் கும்பிட்ட பிறகு விச்சியனுக்கே ஒரு சந்தேகம் வந்தது, நாம் ஞானம் அடைந்துவிட்டோமோ என்று. விகாரையின் தலைமை பிக்குவை வரவழைத்து, தனக்குத் துறவு தர வேண்டும் என்று மேலிருந்தபடியே கேட்டார். பிக்கு வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"துறவு கொடுக்கும்போது வரிசையாக் கேள்வி கேப்போம், தெரியுமில்ல? குஷ்டம் இருக்கா, வலிப்பு இருக்கா, நீ மனுஷன்தானான்னு. எட்டு வரைக்கும் தாண்டிடுவே. ஒன்பதாவது கேள்வி, உனக்குக் கடன் இல்லைதானேன்னு. அதுல மாட்டிப்பே."

"அதுக்கு அடுத்தது என்ன சாமி?"

"அரசாங்க உத்தியோகத்துல இல்லைதானேன்னு. அதுல மட்டும் நீ முதல் மார்க்."

ஆனாலும் பிக்கு வெறுங்கையோடு போகவில்லை. இவ்வளவு கூட்டம் வருகிற இடத்தில் விகாரைக் கூரைக்கு ஓர் உண்டியல் வைத்தால் யாருக்கும் பாவம் சேராது என்று சொல்லி, மாமரத்தடியில் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

ஆறாவது மாதம் லம்துவன் ஒரு காரியம் செய்தாள். கடையில் நாலு காசு மிஞ்சியிருந்தது. ரட்சனி டீச்சர் தெருவில் போகும்போது சிமெண்டுப் பாலம் அதிர்வதை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாமல் சங்கத்துக்குப் போய் ஒரு தவணையைக் கட்டிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் விச்சியன் ஒரு முழம் இறங்கினார். அளந்து எடுத்த எண் அந்தத் தடவை விழவில்லை. மறுநாள் காலை கடை வாசலில் எண்பது பேர் நின்றார்கள், கோழி வாங்க அல்ல. "யாரைக் கேட்டுக் கட்டினே?" என்று ஒருத்தன் கேட்டான். நிலத்தை அடகு வைத்து லாட்டரிச் சீட்டு வாங்கியவன். "கடனைக் கட்டினதுக்கு வந்து சட்டையைப் பிடிக்கிற ஊரு உலகத்துலயே இது ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள் லம்துவன். ஆனால் எண்பது பேருக்கு முன்னால் அடுப்பு சிறியது. அவள் மறுபடி கட்டவில்லை.

இதற்காகவே ஊர்த்தலைவர் ஒரு கூட்டம் போட்டார். ரட்சனியும் உதோமும் கூட்டத்துக்கு வந்தார்கள். கூட்டம் நடந்த கட்டடத்தின் பலகைத் தளம் தாங்காது என்று அவர்களை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். உள்ளே எடுத்த முடிவு வருமாறு: விச்சியன் வாத்தியார் இந்த ஊரின் பொதுச் சொத்து. அவருக்கு எந்த மரியாதை வேண்டுமானாலும் செய்யலாம். மின்விசிறி வாங்கித் தரலாம், பட்டுத் துண்டு போர்த்தலாம், பிறந்த நாளுக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம். ஆனால் பணமாக எதுவும் கொடுக்கக் கூடாது. பணம் கைக்கு வந்தால் கட்டுவார், கட்டினால் இறங்குவார், இறங்கினால் ஊர் என்னாகும்? தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே மரத்தடியில் இருந்த இருவரின் ஓட்டைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ரட்சனி டீச்சர் எழுந்து வீட்டுக்குப் போனார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சாண் குழி இருந்தது. அதில் மறுநாள் ஒரு கோழி படுத்துக்கொண்டது.

ரட்சனி பேசாத பெண். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்தார், சோறு வேகவைத்தார், பள்ளிக்குப் போனார், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு கிலோவாக இருந்தவர் தொண்ணூற்றொரு கிலோ ஆனார். கட்டில் உடைந்தது. பாயில் படுத்தார். பதினாலு மாதங்கள் கழிந்து விச்சியன் ஏறக்குறைய பதினைந்து முழ உயரத்தில் இருந்தபோது, டிசம்பரில் ஒரு நாள், பள்ளி மாடிப்படியின் மூன்றாவது பலகை ரட்சனியின் காலடியில் ஒடிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அது பரவாயில்லை, பிள்ளைகள் எதற்கும் சிரிப்பார்கள். தலைமை ஆசிரியர் கீழே வந்து, உடைந்த பலகைக்கு எண்ணூற்றைம்பது பாத் என்று ஒரு சீட்டை நீட்டினார். ரட்சனி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மிச்ச வகுப்பை முடித்துவிட்டு, நாலு மணிக்கு நேரே மாமரத்தடிக்கு வந்தார். ஏணிக்காரன் முப்பது பாத் கேட்டான். "நான் ஏறினா ஏணி இருக்காது" என்றதும் விலகிக்கொண்டான். லம்துவன் விசிறியைக் கீழே வைத்தாள்.

"விச்சியன், இறங்கி வந்து பேசு."

"இறங்க முடியலையேக்கா."

"ஏறும்போது யாரைக் கேட்டு ஏறினே?"

விச்சியன் மேலிருந்தபடியே சொன்னார்: "நானும் இருபத்துநாலு வருஷம் உழைச்சவன்தானேக்கா. எங்கப்பா அம்பத்துமூணுல போயிட்டாரு. அண்ணன் அதுவும் இல்லை. எனக்குன்னு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டேன். அது தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? உன் வருஷத்தை நீ எடுத்துக்கோ. நீ எடுத்தது என்னோடதுடா."

ரட்சனி பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து, மேலே இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். முன்கூட்டி ஓய்வு கேட்டு எழுதிய விண்ணப்பம் அது. தேதி விச்சியன் ராஜினாமா கொடுத்த அதே வாரம். "திங்கக்கிழமை கொடுக்கலாம்னு வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை நீ பறந்துட்டே. சங்கத்துல போய்க் கேட்டேன், இனிமே உன் தவணைக்கு நான்தானாம். அப்ப வேலையை விட்டா எதை வச்சுக் கட்டறது? மடிச்சு வச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா. உங்களுக்கு என்ன... எங்கேயாவது போகணுமா?"

"எங்கேயும் போக வேண்டாம். காலையில ஏழு மணி வரைக்கும் தூங்கணும். அவ்வளவுதான் எனக்கு. முப்பது வருஷமா நாலரைக்கு எந்திரிக்கிறேன். ஒரு நாளாவது வெயில் முகத்துல அடிச்சு எந்திரிக்கணும்னு ஆசை. பெரிய ஆசை ஒண்ணுமில்லை, உன்ன மாதிரி ஆறு பார்க்கிற ஆசையெல்லாம் எனக்கு வராது." காகிதத்தை மடித்தார். "சரி, சாயங்காலப் பஸ்சுக்கு நேரமாச்சு. டிரைவர் எனக்கு ரெண்டு டிக்கெட் கேக்கறான்."

அவர் போன பிறகு விச்சியன் அழுதார். கண்ணீர் கீழே விழவில்லை. மேலே போய் மாமரத்தின் உச்சி இலைகளில் ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் உச்சிக் கிளையில் காய்த்தது மட்டும் உப்புக் கரித்தது. இதை வைத்தும் இரண்டு பேர் லாட்டரி எண் எடுத்தார்கள், விழவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. விச்சியன் ஆள் அனுப்பி உதோமை வரவழைத்தார். ஆற்றோரத் தோப்புகளில் தேங்காய் பறிக்க ஆள் கிடைப்பதில்லை, மரத்துக்கு இருபது பாத் தருகிறார்கள், எனக்கு மரம் ஏற வேண்டியதில்லை, ஆனால் காற்று அடித்தால் லாவோஸுக்கே போய்விடுவேன், கயிற்றைப் பிடித்துக்கொள்ள அசையாத ஆள் ஒருவர் வேண்டும் என்றார். உதோம் அப்போது நூற்றுப் பதினோரு கிலோ.

"அசையாத ஆளா? அதுக்குத்தானே என்னைத் தயார் பண்ணி வச்சிருக்கே" என்று கயிற்றை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டார் உதோம். "பணம் என் கையில வரணும். நேரே சங்கத்துக்குப் போகும். உன் கையில ஒரு பாத் கொடுக்க மாட்டேன், கொடுத்தா இன்னொரு வண்டி வாங்குவே."

இப்படியாக விச்சியன் மறுபடி வேலைக்குப் போனார். ஊர்க்காரர்கள் வழி மறித்தார்கள். உதோம் நிற்கவில்லை, மோதியவர்கள் தாங்களே விழுந்தார்கள். ஊர்த்தலைவர் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். "தலைவரே, அந்தத் தீர்மானத்துல எங்க ரெண்டு பேர் எடையையும் சேர்த்து எழுதிக் கொண்டாங்க, ஒத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டு போனார் உதோம். பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும் எங்கள் வட்டாரத்தில் பார்த்த காட்சி இதுதான்: கீழே ஒருவர் திட்டிக்கொண்டே நடப்பார், மேலே ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே வருவார்.

"இடது பக்கம் இழு உதோம், அந்தக் குலை முத்திருச்சு!"

"நீ சொல்ற பக்கமெல்லாம் போக நான் என்ன வாடகை எருமையா? ...ஆமா, எருமைதான். எருமையாவது கையெழுத்துப் போடாது."

உயரம் இருந்தவரை வரும்படி நன்றாக இருந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது மரம். கோடைக்காலத்தில் பெரிய மரங்களின் உச்சியில் செவ்வெறும்பு கூடு கட்டும். எங்கள் பக்கத்தில் சமைத்துத் தின்கிற அதன் முட்டை அந்த வருஷம் கிலோ நானூறு பாத் விற்றது. கழியால் குத்தி எடுக்கிறவர்கள் கடிபட்டுச் சாவார்கள், விச்சியன் பக்கத்தில் போய் நின்று பையைப் பிடித்தார். அவரும் கடிபட்டார். உதோமுக்கு அதில் தனி மகிழ்ச்சி இருந்தது. நடப்பு மாதத் தவணை போக மிச்சமானது பழைய பாக்கிக்குப் போயிற்று, சங்கம் அதை ஜாமீன்தாரர்களிடம் பிடித்த கணக்கில் திருப்பி வரவு வைத்தது. ஒரு தவணை அடைந்தால் ஒரு முழம் இறங்குவார், ஜாமீன்தாரர்கள் மூன்று மூன்று கிலோ இளைப்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்ததை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. கடன் குறையக் குறைய அவர் உயரமும் குறைந்தது, உயரம் குறையக் குறைய கூலியும் குறைந்தது. முதல் வருஷம் தென்னையும் எறும்பு முட்டையும். இரண்டாம் வருஷம் புளியும் மாவும். அதற்கப்புறம் கொய்யா. கடைசியில் மிளகாய்ச் செடி உயரத்துக்கு வந்தபோது, குனியாமல் மிளகாய் பறிக்கிற ஆள் என்பதைத் தவிர அவரிடம் சிறப்பு எதுவும் மிஞ்சவில்லை. ஒரு நாள் கூலி நூற்றெண்பது. லாட்டரிக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள், பக்கத்து மாவட்டத்தில் ஒரு பாறை வியர்ப்பதாகச் செய்தி வந்திருந்தது. உண்டியலைப் பிக்கு ஆள் விட்டுத் தூக்கிப் போனார். விகாரைக் கூரை பாதியில் நின்றது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

2561ஆம் வருஷம் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, விச்சியனுக்கு ஐம்பத்துமூன்று வயதும் நாலு மாதமும் முடிந்தது. அன்று அவர் ஒரு புளியமரத்தின் நடுக்கிளை உயரத்தில் இருந்தார். காலையிலிருந்து பேசவில்லை. உதோம் கீழேயிருந்து மூன்று தடவை கூப்பிட்டார், பதிலில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தார், உயிரில்லாத பொருள் மாதிரி கனமற்று ஆடியது. உதோம் வாயிலிருந்து திட்டு வரவில்லை.

"அண்ணே... விச்சியண்ணே. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. மணி என்ன?"

"நாலே கால்."

"எங்கப்பா மூணு மணிக்குச் செத்தாரு" என்றார் விச்சியன். "தாண்டிட்டேன் போலிருக்கு." கை நீட்டி ஒரு புளியைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டே, "இன்னும் எத்தனை தவணை பாக்கி உதோம்?" என்று கேட்டார்.

"பழைய பாக்கி எட்டு. அப்புறம் மாசாமாசம் உள்ளது, இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம்."

"அவ்வளவு நாள் இருக்கணுமா நான்!"

"இருந்துதான் ஆகணும். செத்தீன்னா மொத்தமும் என் தலையில. கையைப் பிடிச்சு இழுத்தாவது உயிரோட வச்சிருப்பேன்."

விச்சியன் சிரித்தார். அன்று பறித்த புளி நாற்பது கிலோ, கிலோ பதினெட்டு பாத்.

2563 ஏப்ரலில் கடைசிப் பழைய பாக்கி அடைந்தது. சங்கத்துக் குமாஸ்தா முத்திரை குத்திய அதே நேரத்தில் லம்துவனின் கடை வாசலில், முதல் நாள் ஏறிய ஒன்றரை முழமும் சேர்ந்து இறங்கி, விச்சியனின் கால் தரையைத் தொட்டது. நாலரை வருஷம் நடக்காத கால், இரண்டு எட்டு வைத்ததும் மடங்கியது. லம்துவன் பிடித்துக்கொண்டாள். தரை சுடுகிறது என்றார். ஏப்ரலில் சுடத்தான் செய்யும் என்றாள். கையில் கோழி திருப்புகிற இடுக்கியைக் கொடுத்தாள். அன்று முதல் அவர் எல்லாரையும் போல ஆனார். தலைக்கு மேல் பெரிய கடன், காலுக்குக் கீழே தரை, மாதம் பிறந்தால் தவணை. அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஆயிரம் பேர் நடமாடுகிறார்கள், அவர்களை யார் ஏணி வைத்துப் பார்ப்பது. ரத்த அழுத்தம் இரண்டே வாரத்தில் நூற்றைம்பதுக்குத் திரும்பியது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ரட்சனி டீச்சர் கடைக்கு வந்தார். பழைய ஐம்பத்திரண்டு கிலோவுக்குத் திரும்பியிருந்தார், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார், ஸ்டூல் அசையவில்லை. உதோமையும் வரச் சொல்லியிருந்தார். கோழி வந்தது, ஒட்டரிசி வந்தது. மூன்று பேரும் கொஞ்சம் சாப்பிட்டார்கள். அப்புறம் ரட்சனி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது அவருக்கு. சங்கத்தில் அவருக்கும் சொந்தக் கடன் மூன்று லட்சத்துச் சொச்சம் இருந்தது. ஜாமீன் போட்டவர்கள் இந்த இருவர்தான். விச்சியன் வேலையில் இல்லாவிட்டாலும் பழைய கையெழுத்து செல்லும் என்று குமாஸ்தா உறுதி சொல்லியிருந்தார்.

"இப்பவே விடலாம்னு பார்க்கறேன்" என்றார் ரட்சனி. "ஓய்வூதியத்துல தவணையைப் பிடிச்சுக்குவாங்க. பிடிச்சும் மாசம் ஆயிரத்து நானூறு துண்டு விழுது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், எப்படிப் போட்டாலும் விழுது. அது உங்க ரெண்டு பேர் தலையிலதான் வரும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் இருந்துட்டுப் போறேன்."

உதோம் எலும்பை வாயிலிருந்து எடுத்தார். "எடை எவ்வளவு வரும்?"

"ஆளுக்கு மாசம் முந்நூறு கிராம்."

"முந்நூறு கிராமா? இந்தக் கோழியே அதுக்கு மேல வரும். நான் இதைப் பெருசுன்னு நினைச்சுப் பயந்தே போயிட்டேன். அக்கா, நான் நூத்திப்பதினொண்ணு பார்த்தவன்."

விச்சியன் எழுந்து, கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்து, பேனாவுக்குக் கையை நீட்டினார். ரட்சனி, கையெழுத்து தேவையில்லை, சும்மா கேட்கத்தான் வந்தேன் என்றார். இருந்தாலும் போடுகிறேன் என்று காகிதத்தின் ஓரத்தில் போட்டார். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. அதில் கோழி எண்ணெய் பட்டிருந்தது. ரட்சனி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோழிக்கு லம்துவன் காசு வாங்கவில்லை. "சும்மா சாப்பிட்டுட்டு எடை ஏத்திட்டுப் போறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் முதல் தேதி ரட்சனி டீச்சர் ஓய்வு பெற்றார். இரண்டாம் தேதி காலை ஏழு மணி வரை தூங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்கள், அவர் திறக்கவில்லை. மாதக் கடைசியில் இரண்டு விரற்கடை உயரம் எழும்பினார், அடுத்த மாதம் இன்னும் இரண்டு. அவ்வளவு உயரத்துக்குக் கயிறு எதுவும் தேவைப்படவில்லை. குடை நுனியால் தரையை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். ஒரு வருஷம் ஆனபோது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். விச்சியனும் உதோமும் மாதா மாதம் சுகாதார நிலையத்தில் எடை பார்த்துக்கொண்டார்கள். மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. அதில் இரண்டு கிலோ லம்துவன் கடைக் கோழி என்றாள் நர்ஸ். எட்டு மணி வாக்கில் சந்தைக்கு வருவது ரட்சனியின் வழக்கம் ஆயிற்று. அப்படி வந்த ஒரு நாள் விரால் கிலோ நூற்றிருபது. வரிசையாக வைத்த மீன் கூடைகளுக்கு மேலாக அவர் நிதானமாக மிதந்து வந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீன்காரி மட்டும் கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:

"டீச்சர், கொஞ்சம் சுத்திப் போங்களேன். செருப்புத் தூசி மீன்ல விழுது."